குளோரம்ஃபெனிகாலுக்கு ஆன்டிபாடி வாங்குறதுல இருந்து எலைசா ரிசல்ட் எழுதுற வரைக்கும்: முழுமையான வழிகாட்டி

குளோரம்ஃபெனிகால் ஒரு ஆன்டிபயாட்டிக், கண்ணுல போடுற அதோட சொட்டு மருந்துல இருந்து ஆரம்பிக்கிறேன். பாட்டில்ல 0.5% னு போட்டிருக்கும், அப்டின்னா ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம். ஒரு சொட்டு கிட்டத்தட்ட 0.05 மில்லிலிட்டர்னு வச்சா அதுல 250 மைக்ரோகிராம் இருக்கு. இப்போ ஐரோப்பிய யூனியன் இறால்ல வச்சிருக்கிற அளவு என்னன்னு பாருங்க, ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம், 2022 நவம்பர் 28ல இருந்து இதுதான். வகுத்துப் பாத்தா அந்த ஒரே ஒரு சொட்டு 1,600 கிலோ இறாலுக்கு மேல அந்த அளவுக்குக் கொண்டு போயிடும். இவ்வளவு கம்மியா இருக்கிற ஒரு பொருள ஒரு பிளாஸ்டிக் பிளேட்டையும் ஒரு கலர் மாற்றத்தையும் வச்சு கண்டுபிடிக்கிறோம்னா (இந்த டெஸ்டுக்குத்தான் எலைசான்னு பேரு) அதுக்கு முழு காரணம் ஆன்டிபாடி தான், அதாவது ஒரு குறிப்பிட்ட பொருள அடையாளம் கண்டு ஒட்டிக்கிற புரோட்டீன், அந்த ஆன்டிபாடிய எப்டி தேர்ந்தெடுக்கிறது, எப்டி பழக்குறது, எங்க ஏமாத்தும்னு எனக்குத் தெரிஞ்சத மொத்தமா எழுதுறேன். புதுசா ரிசர்ச்ல சேந்து, பெஞ்ச்ல எலைசா போட்டே ஆகணும்னு நிக்கிற ஆளுங்கள மனசுல வச்சுதான் எழுதுறேன்.

முதல்ல இந்த மருந்து பத்தி கொஞ்சம்

1947ல வெனிசுவேலா மண்ணுல இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெனிசுவேலே ங்கிற பாக்டீரியால இருந்து பிரிச்சு எடுத்தது. பார்க் டேவிஸ் கம்பெனி குளோரோமைசெட்டின்னு வித்தாங்க, 1949லயே லேப்ல முழுசா செயற்கையா செஞ்சும் காட்டிட்டாங்க, ஏன்னா மாலிக்யூல் ரொம்ப சின்னது. டைஃபாய்டுக்கு அப்போ அது பெரிய வரம். ஆனா ரொம்ப அரிதா சிலருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குறதயே நிறுத்திடும், அப்ளாஸ்டிக் அனீமியா, இதுக்கும் எவ்வளவு மருந்து உள்ள போச்சுங்கிறதுக்கும் நேர் சம்பந்தம் கிடையாது. இவ்வளவு வரைக்கும் பாதுகாப்புன்னு ஒரு அளவு சொல்லவே முடியாததால சாப்பாட்டுக்கு வளக்குற விலங்குகள்ல இதுக்கு தடை. 2002 ஜனவரில சீனாவில இருந்து வர்ற விலங்குப் பொருட்கள ஐரோப்பா நிறுத்தி வச்சதுக்கு இறால்ல இது கிடைச்சதும் ஒரு காரணம், அடுத்த வருஷமே எல்லா லேபும் 0.3 மைக்ரோகிராம் அளவ பிடிக்கணும்னு ஒரு கோடு போட்டாங்க, இப்போ அது பாதியா குறைஞ்சிருக்கு. நம்ம பக்கம் ஆந்திரா, தமிழ்நாடு கடலோர பண்ணைகள்ல அறுவடைக்கு முன்னாடியே இறால் எடுத்து எலைசா பாக்குற ஏற்பாடு கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்துக்கிட்ட இருக்கு. அதனால இது காகிதத்துல மட்டும் இருக்கிற விஷயம் கிடையாது, ஒரு குளத்தோட மொத்த உழைப்பும் இந்த ரிசல்ட்ட நம்பி நிக்குது.

ஆன்டிபாடி எத பாத்து வளந்துச்சு, அதுதான் கேள்வி

இந்த ஒரு பகுதிய மட்டும் ரெண்டு தடவ படிச்சிடுங்க, மீதி எல்லாம் இதுல இருந்து தானா வரும்.

குளோரம்ஃபெனிகாலோட எடை 323 டால்டன் (மாலிக்யூல் எடைக்கான அலகு). ஆன்டிபாடி சுமார் 1,50,000 டால்டன். இவ்வளவு சின்ன பொருள முயலுக்கோ எலிக்கோ ஊசி போட்டா உடம்பு திரும்பிக் கூட பாக்காது, ஆன்டிபாடி வராது. அதனால அத ஒரு பெரிய புரோட்டீன்ல ஒட்டி, அந்த ஜோடிய ஊசி போடணும். தனியா எதிர்ப்ப தூண்ட முடியாது, ஆனா ஆன்டிபாடி வந்துட்டா அதோட போய் ஒட்டிக்கும், அப்டிப்பட்ட சின்ன மாலிக்யூலுக்கு ஹாப்டென்னு பேரு, கார்ல் லேண்ட்ஸ்டைனர் வச்ச பேரு.

இப்போ ஒட்டுறதுன்னா எங்க ஒட்டுறது? ஒரு குடத்த கழுத்துல பிடிச்சு தூக்கிக் காட்டினா எதிர்ல இருக்கிறவங்களுக்கு வயிறும் அடியும் நல்லா தெரியும், கைக்குள்ள மறைஞ்ச கழுத்து தெரியாது. அதே தான் இங்கயும். மாலிக்யூல எந்தப் பக்கம் புரோட்டீன்ல ஒட்டினாங்களோ அந்தப் பக்கத்த ஆன்டிபாடிக்கு சரியா அடையாளம் தெரியாது, எதிர்ப்பக்கத்த அச்சு பிசகாம தெரியும்.

குளோரம்ஃபெனிகாலுக்கு ஒரு ஓரத்துல நைட்ரோ குரூப் தொங்குற பென்சீன் வளையம், இன்னொரு பக்கம் ரெண்டு குளோரின் இருக்கிற வால், நடுவுல ஆல்கஹால் குரூப் ரெண்டு. நிறைய பேர் போற சுலபமான வழி, ஊசி மருந்தா கிடைக்கிற குளோரம்ஃபெனிகால் சக்சினேட்ட எடுத்து அதோட ஆசிட் முனைய புரோட்டீன்ல ஒட்டுறது. இதுல பிடி ஆல்கஹால் பக்கம் இருக்கு, அதனால நைட்ரோ வளையம் வெளிய நல்லா தெரியும். இதே குடும்பத்து மருந்துகளான தயாம்ஃபெனிகால், ஃப்ளோர்ஃபெனிகால் ரெண்டுலயும் நைட்ரோ இடத்துல மீத்தைல் சல்ஃபோனைல் இருக்கிறதால இந்த ஆன்டிபாடி அதுங்கள பெரும்பாலும் கண்டுக்காது, நமக்கு வேண்டியதும் அதுதான், ஏன்னா ஃப்ளோர்ஃபெனிகால் நிறைய நாடுகள்ல மீன் வளர்ப்புக்கு அனுமதி உள்ள மருந்து. ஆனா கல்லீரல் இந்த மருந்தோட குளுக்குரோனிக் ஆசிட சேத்து குளுக்குரோனைடா மாத்துறதும் அதே ஆல்கஹால் பக்கம் தான், அதனால குளுக்குரோனைடயும் இந்த ஆன்டிபாடி குளோரம்ஃபெனிகால்னே நெனச்சு பிடிச்சுக்கும். மூத்திரம் டெஸ்ட் பண்றவங்களுக்கு இது நல்லதா கெட்டதாங்கிறது அவங்க கேள்விய பொறுத்தது.

இன்னொரு வழி, நைட்ரோவ அமினா மாத்தி டையசோ முறையில அந்தப் பக்கமா ஒட்டுறது. அப்போ நைட்ரோ முனை கைக்குள்ள மறைஞ்சிடும், நைட்ரோ வேறயா சல்ஃபோனைல் வேறயான்னு பிரிக்கிற திறமை குறையும். கெமிஸ்ட்ரி வேலையா சரியா முடிஞ்சிருந்தாலும் ஆன்டிபாடியோட குணம் மாறிப் போச்சு.

ஸ்டெப் 1: வாங்குறப்போ கேக்க வேண்டியது

கேட்லாக்ல தேடுறப்போ முதல் குழி இதுதான். குளோரம்ஃபெனிகால்னு அடிச்சா குளோரம்ஃபெனிகால் அசிட்டைல் டிரான்ஸ்ஃபரேஸ்க்கு எதிரான ஆன்டிபாடியும் கூடவே வரிசையா வரும். அது மருந்த செயலிழக்க வைக்கிற பாக்டீரியா என்சைம், ஜீன் எக்ஸ்பிரஷன் பாக்குறவங்க ரிப்போர்ட்டரா பயன்படுத்துறது, சுருக்கமா கேட் னு சொல்வாங்க. மருந்துக்கும் அந்த ஆன்டிபாடிக்கும் சம்பந்தமே இல்ல. நான் வேல பாத்த ஒரு லேப்ல இந்த பாட்டில் வந்து எறங்கி, ரெண்டு வாரம் கர்வ் வரலன்னு பஃபர மாத்தி மாத்தி போட்டு, அப்புறம் ஒருநாள் லேபிள்ல கடைசி வார்த்தைய படிச்சப்போ தான் தெரிஞ்சது. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி முழு பேரையும் படிங்க.

அப்புறம் டேட்டாஷீட்ல நாலு விஷயம் தேடுங்க, இல்லன்னா கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்க. ஹாப்டென எந்தப் பக்கம் ஒட்டினாங்க, கேரியர் புரோட்டீன் (ஹாப்டென ஒட்டின அந்தப் பெரிய புரோட்டீன்) எது, கிராஸ் ரியாக்டிவிட்டி (வேற பொருளயும் தப்பா பிடிக்கிறது) எந்தெந்த பொருளுக்கு எவ்வளவு சதவீதம், அப்புறம் தனியா மிதக்குற குளோரம்ஃபெனிகால வச்சு போட்டி எலைசா (சேம்பிள் மருந்தும் நாம போடுற மருந்தும் ஆன்டிபாடிக்காக போட்டி போடுறது) போட்டு ஐசி50 (கலர பாதியாக்குற மருந்து செறிவு) எவ்வளவு வந்துச்சு. இந்த கடைசி நம்பர் தான் உயிர்நாடி. "எலைசாவுக்கு பொருந்தும்" னு மட்டும் எழுதியிருந்தா அது பிளேட்ல கோட்டிங் பண்ணின (ஊத்தி ஒட்ட வச்ச) ஹாப்டென் புரோட்டீன்ல ஒட்டுச்சுன்னு மட்டும் தான் அர்த்தம், சேம்பிள்ல இருக்கிற தனி மருந்து அத இழுத்து விடுமாங்கிறதுக்கு அது பதில் கிடையாது. ஒட்டுறது வேற, போட்டி போட்டு விடுறது வேற.

பாலிகுளோனலா மோனோகுளோனலான்னு கேப்பீங்க. முயல்ல இருந்து வர்ற பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடி கலந்தது) விலை கம்மி, நல்ல பிடிப்பும் இருக்கும், ஆனா ஒவ்வொரு முயலும் ஒவ்வொரு ஆள், அந்த சீரம் தீந்துட்டா அதே குணம் திரும்ப வராது. மோனோகுளோனல் 1975ல கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடிச்ச ஹைப்ரிடோமா முறையில வர்றது, அந்த செல் லைன் உயிரோட இருக்கிற வரைக்கும் ஒரே ஆன்டிபாடி. ஆறு மாசத்துல முடியிற ப்ராஜெக்ட்னா பாலிகுளோனலே போதும், மூணு வருஷ பிஹெச்டின்னா நான் மோனோகுளோனல் தான் வாங்கச் சொல்வேன், பாதி தீசிஸ்ல ஆன்டிபாடி மாறிப் போனா பழைய டேட்டாவோட சேக்கவே முடியாது.

சாண்ட்விச் எலைசாவுக்குன்னு ஜோடி ஆன்டிபாடி தேடாதீங்க. ரெண்டு பெரிய ஆன்டிபாடி ஒரே நேரத்துல உக்கார 323 டால்டன்ல இடமே இல்ல. எப்பவும் போட்டி முறை தான், அதனால மருந்து அதிகமா இருந்தா கலர் கம்மியா வரும். முதல் தடவ பாக்குறவங்க பிளேட்ட தலைகீழா படிச்சிடுறாங்க.

ஸ்டெப் 2: பாட்டில் வந்ததும்

திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்துங்க, மூடியில ஒட்டினது எறங்கட்டும். 10, 20 மைக்ரோலிட்டரா பிரிச்சு சின்ன ட்யூப்ல போட்டு மைனஸ் 20ல வைங்க. திரும்பத் திரும்ப உறைய வச்சு உருக்குறது ஆன்டிபாடிய மெதுவா கொல்லும். ஹெச்ஆர்பி (கலர் வர வைக்கிற என்சைம்) ஒட்டின ஆன்டிபாடின்னா டேட்டாஷீட்ல சொல்லாம உறைய வைக்காதீங்க, 4 டிகிரி தான். கெடாம இருக்க சோடியம் அசைடு போடுற பழக்கம் இருந்தா ஹெச்ஆர்பி பக்கமே கொண்டு போகாதீங்க, அந்த என்சைம் நின்னு போகும்.

ஸ்டெப் 3: பிளேட்ல ஒட்டுறதுக்கு என்ன வேணும்

ரெண்டு மாடல் இருக்கு. ஆன்டிபாடிய பிளேட்ல ஒட்டி, ஹெச்ஆர்பி சேத்த குளோரம்ஃபெனிகாலும் சேம்பிள்ல இருக்கிற மருந்தும் இடத்துக்குப் போட்டி போடுறது நேரடி முறை, ரெடிமேட் கிட் நிறைய இப்டித்தான் இருக்கும். குளோரம்ஃபெனிகால் ஒட்டின புரோட்டீன பிளேட்ல போட்டு, சேம்பிளையும் ஆன்டிபாடியையும் சேத்து ஊத்துறது மறைமுக முறை. புதுசா செட் பண்றவங்களுக்கு ரெண்டாவது தான் சொல்வேன், ஆன்டிபாடி கம்மியா செலவாகும், எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவும் சுலபம்.

ஆன்டிபாடி வளக்க ஹாப்டென பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தோட அல்புமின் புரோட்டீன்) ல ஒட்டியிருந்தா பிளேட்டுக்கு கோட்டிங் பண்றது கண்டிப்பா வேற புரோட்டீனா இருக்கணும், முட்டை வெள்ளைக்கருவோட ஓவால்புமின் வழக்கமா எடுப்பாங்க. முயல் மருந்துக்கு மட்டும் ஆன்டிபாடி பண்ணியிருக்காது, பிஎஸ்ஏக்கும் ஏராளமா பண்ணியிருக்கும். கோட்டிங்லயும் பிஎஸ்ஏ இருந்தா அதுங்க எல்லாம் அங்க போய் உக்காந்துடும், நீங்க எவ்வளவு மருந்து ஊத்தினாலும் கலர் எறங்காது. ப்ளாக்கிங்குக்கு (பிளேட்ல காலியா இருக்கிற இடத்த மூடுறதுக்கு) பிஎஸ்ஏ போட்டாலும் இதே கதை. கேரியர் என்னன்னு முன்னாடியே கேக்கச் சொன்னது இதுக்குத்தான்.

நீங்களே செய்யறதா இருந்தா குளோரம்ஃபெனிகால் சக்சினேட்டோட ஆசிட் முனைய இடிசி, என்ஹெச்எஸ் ங்கிற ரெண்டு இணைப்பு கெமிக்கல் வச்சு ஆக்டிவேட் பண்ணி, நியூட்ரல் பிஹெச்ல இருக்கிற ஓவால்புமின்ல சொட்டு சொட்டா சேத்து, ராத்திரி முழுக்க 4 டிகிரில கலக்க விட்டு, அப்புறம் மூணு நாள் பிபிஎஸ் (உப்பு பஃபர்) மாத்தி மாத்தி டயாலிசிஸ், அதாவது சின்ன மாலிக்யூல் மட்டும் வெளிய போற சவ்வுப் பையில வைக்கிறது. டயாலிசிஸ அவசரப்படுத்தாதீங்க, ஒட்டாம மிதக்குற மருந்து மிச்சம் இருந்தா அது பிளேட்டுக்குள்ள வந்து போட்டில கலந்துக்கும். எத்தன மருந்து ஒட்டுச்சுன்னு ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாக்குறப்போ ஒரு சிக்கல் வரும், குளோரம்ஃபெனிகால் 278 நானோமீட்டர்ல உச்சமா உறிஞ்சும், புரோட்டீன் 280ல, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். அதனால புரோட்டீன் அளவ கலர் முறையில தனியா பாத்து கழிச்சுக்கோங்க. இந்த இணைப்பு ஒரு எஸ்டர், காரத்துல உடையும், அதனால ஸ்டாக்க நியூட்ரல் பஃபர்லயே உறைய வச்சிடுங்க.

ஸ்டெப் 4: செக்கர்போர்டு

கோட்டிங், ஆன்டிபாடி ரெண்டும் எந்த அளவுல சரியா வருதுன்னு ஒரே பிளேட்ல கட்டம் கட்டமா பாக்குறது இது. இத தாண்டிப் போகணும்னு கை துடிக்கும், போகாதீங்க.

96 வெல் (குழி) இருக்கிற பிளேட்ல கோட்டிங் புரோட்டீன கார்பனேட் பஃபர்ல, பிஹெச் 9.6, ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு வரிசை வரிசையா பாதி பாதியா குறைச்சுட்டே வாங்க, வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரில ராத்திரி முழுக்க. காலைல 0.05% ட்வீன் 20 (சோப்பு மாதிரி ஒண்ணு) சேத்த பிபிஎஸ்ல மூணு வாஷ், ப்ளாக்கிங் ஒரு மணி நேரம். ப்ளாக்கிங்குக்கு 1% பால் பவுடர் நல்லா வேல செய்யும், ஆனா நீங்க டெஸ்ட் பண்றதே பால்னா வேண்டாம், மீன் ஜெலட்டினோ ஓவால்புமினோ எடுங்க. அப்புறம் ஆன்டிபாடிய பத்தி பத்தியா 1:1000, 1:2000, 1:4000 னு குறைச்சு ஊத்தி, செகண்டரி (முதல் ஆன்டிபாடிய பிடிக்கிற, ஹெச்ஆர்பி ஒட்டின ரெண்டாவது ஆன்டிபாடி), டிஎம்பி (ஹெச்ஆர்பி பட்டா நீலமாகுற கரைசல்) எல்லாம் போட்டுப் பாருங்க.

மருந்தே இல்லாத வெல்ல ஓடி (கலர் அடர்த்திக்கு ரீடர் காட்டுற நம்பர்) 1ல இருந்து 1.5க்குள்ள வர்ற கூட்டணிங்கள வட்டம் போடுங்க. நாலஞ்சு கிடைக்கும். அதுல எத எடுக்கிறது? எப்பவும் ரெண்டுமே கம்மியா இருக்கிற கூட்டணிய எடுங்க. பிளேட்லயும் ஹாப்டென் கம்மி, ஆன்டிபாடியும் கம்மின்னா தான் சேம்பிள்ல இருக்கிற துளி மருந்து கூட வித்தியாசம் காட்டும். ஆன்டிபாடிய தாராளமா ஊத்தினா மருந்து பிடிச்சது போக மிச்சம் ஆன்டிபாடி நிறைய சும்மா இருக்கும், அது பிளேட்ல போய் உக்காந்துக்கும், கலர் அசையாது. கலர் நல்லா பளிச்சுன்னு வரணும்னு நெனச்சு அதிகமா ஊத்துறது தான் சென்சிடிவிட்டி கெடுறதுக்கு நான் பாத்த முதல் காரணம்.

ஸ்டெப் 5: ஸ்டாண்டர்ட்

குளோரம்ஃபெனிகால மெத்தனால்ல ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஸ்டாக் பண்ணி மைனஸ் 20ல வைங்க. அங்க இருந்து 1:100 மூணு தடவ போனா 10 மைக்ரோகிராம், 100 நானோகிராம், 1 நானோகிராம்னு வந்து நிக்கும், பத்து லட்சம் மடங்கு. முதல் ரெண்டு டைல்யூஷன வேற பெஞ்ச்ல, முடிஞ்சா வேற ரூம்ல, வேற பைபெட்ல பண்ணுங்க. ஸ்டாக்ல நனைஞ்ச கையுறையோட பிளேட்ட தொட்டா அன்னிக்கு வேல போச்சு.

பிளேட்டுக்கு ஸ்டாண்டர்ட் (செறிவு தெரிஞ்ச மருந்துக் கரைசல்) ஒரு மில்லிலிட்டருக்கு 0, 0.05, 0.1, 0.2, 0.4, 0.8, 1.6 நானோகிராம் போதும். ஸ்டாண்டர்ட எந்த பஃபர்ல பண்றீங்களோ அதே பஃபர்ல தான் சேம்பிளையும் கரைக்கணும், மெத்தனால் சதவீதம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும்.

ஸ்டெப் 6: இறால்ல இருந்து மருந்த வெளிய எடுக்கிறது

ஓட்டையும் குடலையும் எடுத்துட்டு சதைய மட்டும் நல்லா அரைச்சு 3 கிராம் எடை போடுங்க. 6 மில்லிலிட்டர் எத்தைல் அசிடேட் ஊத்தி பத்து நிமிஷம் நல்லா குலுக்கி, 3,000 ஜி ல பத்து நிமிஷம் சுத்தினா மேல தெளிவா ஒரு படலம் நிக்கும். அதுல சரியா 4 மில்லிலிட்டர் எடுங்க, அது 2 கிராம் இறாலுக்கு சமம். 50 டிகிரில நைட்ரஜன் ஊதி காய வைங்க. மொத்தமா காஞ்சதும் எடுத்துடுங்க, அப்டியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க.

ட்யூப் அடியில மஞ்சளா ஒரு பிசுக்கு இருக்கும், அது கொழுப்பு. 1 மில்லிலிட்டர் ஹெக்சேன்ல அத கரைச்சு, 1 மில்லிலிட்டர் பஃபர் சேத்து ஒரு நிமிஷம் கலக்கி சுத்துங்க, கொழுப்பு மேல ஹெக்சேன்ல நிக்கும், மருந்து கீழ பஃபர்ல வந்துடும். சில சேம்பிள்ல ரெண்டுக்கும் நடுவுல மோர் மாதிரி ஒரு வெள்ளப் படலம் கட்டிக்கிட்டு பிரியவே பிரியாது. அப்போ சூடான வாட்டர் பாத்ல அஞ்சு நிமிஷம் வச்சு திரும்ப சுத்துங்க, வழி விடும். ஹெக்சேன் தீப்பிடிக்கும், ஃப்யூம் ஹுட்ல மட்டும் தான், பக்கத்துல பர்னர் எரியக் கூடாது. கீழ இருக்கிற பஃபர எடுக்கிறப்போ பைபெட் முனைய மேல் படலத்த தொடாம எறக்கி எடுங்க, ஒரு துளி ஹெக்சேன் போனாலும் அந்த வெல்லோட ஓடி தாறுமாறா வரும்.

ஸ்டெப் 7: பிளேட் ஓட்டுறது

எல்லா ரீஏஜென்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும். ஏசி காத்து நேரா பிளேட் மேல அடிச்சா ஓர வெல்கள் ஒரு மாதிரியும் நடு வெல்கள் ஒரு மாதிரியும் வரும், மூடி போட்டு வைங்க.

வெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர் ஸ்டாண்டர்டோ சேம்பிளோ, ஒவ்வொண்ணும் ரெண்டு வெல், உடனே 50 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி. முதல் வெல்லுக்கும் கடைசி வெல்லுக்கும் நடுவுல நேரம் ரொம்ப போகாம மல்டிசேனல் பைபெட்ல ஊத்துங்க. ஒரு மணி நேரம். நாலு வாஷ், ஒவ்வொரு தடவையும் பிளேட்ட கவுத்து டிஷ்யூ மேல தட்டி ஈரத்த எடுங்க. ஹெச்ஆர்பி ஒட்டின செகண்டரி 100 மைக்ரோலிட்டர், முயல் ஆன்டிபாடின்னா முயலுக்கு எதிரானது, எலின்னா எலிக்கு எதிரானது, 45 நிமிஷம். அஞ்சு வாஷ். டிஎம்பி 100 மைக்ரோலிட்டர், இருட்டுல 15 நிமிஷம். ஜீரோ வெல் அடர் நீலமாவும் 1.6 வெல் ஆகாய நீலத்த விட வெளிறியும் படிப்படியா தெரிஞ்சா மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அது எத்தன வருஷம் போட்டாலும் குறையாது. சல்ஃப்யூரிக் ஆசிட் போட்டதும் மஞ்சளா மாறும், பத்து நிமிஷத்துக்குள்ள 450 நானோமீட்டர்ல படிச்சிடுங்க.

ஸ்டெப் 8: கணக்கு

ஜீரோ ஸ்டாண்டர்டோட சராசரி ஓடி பி0, மத்தது பி. ஒவ்வொண்ணையும் பி0 ஆல வகுத்து நூறால பெருக்கினா சதவீதம். உதாரணத்துக்கு பி0 1.420, சேம்பிள் 0.852 னா 60%. லாக் செறிவுக்கு எதிரா போட்டா எஸ் மாதிரி வளையும், நாலு அளவுரு கர்வ் தான் பொருத்தணும், நேர்கோடு இழுத்தா ரெண்டு முனையிலயும் பொய் சொல்லும். அந்த 60% கர்வ்ல 0.24 நானோகிராம்ல விழுதுன்னு வைங்க, 2 கிராம் இறால் 1 மில்லிலிட்டர்ல இருக்கு, அதனால ரெண்டால வகுக்கணும், கிலோவுக்கு 0.12 மைக்ரோகிராம். அதே கணக்குல 0.15 ங்கிற கோடு பிளேட்ல 0.3 நானோகிராமா நிக்கும். கர்வ் நல்லா சரியிற இடத்துக்குள்ள இந்த 0.3 விழுதான்னு பாருங்க. தட்டையான ஓரத்துல விழுந்தா அந்த ஆன்டிபாடி இந்த வேலைக்கு பத்தாது, வேற என்ன திருகினாலும் பத்தாது.

ரெண்டு வெல்லுக்கும் வித்தியாசம் 15% சிவி (சராசரியோட ஒப்பிட்ட சிதறல்) தாண்டினா திரும்பப் போடுங்க, சராசரி எடுத்து சமாளிக்காதீங்க.

ஸ்டெப் 9: நம்பலாமான்னு சோதிக்கிறது

மருந்து படாததுன்னு உறுதியான இறால் 20 வேற வேற சேம்பிள் எடுங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டா பிரிச்சு ஒண்ண அப்டியேவும், இன்னொண்ணுல 0.15 மைக்ரோகிராம் அளவுக்கு மருந்து சேத்தும் ஓட்டணும். 3 கிராமுக்கு வேண்டியது 0.45 நானோகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் கரைசல்ல 45 மைக்ரோலிட்டர். சேத்துட்டு உடனே சால்வென்ட் ஊத்தாம கால் மணி நேரம் சதையில ஊற விடுங்க. சேத்த 20ல குறைஞ்சது 19 ஜீரோ பக்கம் இருக்கிற கூட்டத்த விட்டு தெளிவா பிரிஞ்சு நின்னா தான் ஸ்கிரீனிங்குக்கு லாயக்கு, தப்பவிடுற விகிதம் 5% தாண்டக் கூடாதுங்கிறது விதி.

மருந்தே இல்லாத இறால் எக்ஸ்ட்ராக்ட்ல ஸ்டாண்டர்ட கலந்து ஒரு கர்வும், வெறும் பஃபர்ல ஒரு கர்வும் போட்டு ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. விலகி நின்னா இறாலோட சாறே ஆன்டிபாடிய தொந்தரவு பண்ணுதுன்னு அர்த்தம், ஒண்ணு எக்ஸ்ட்ராக்ட இன்னும் டைல்யூட் பண்ணுங்க, இல்ல இறால் கர்வ வச்சே கணக்கு போடுங்க.

கிராஸ் ரியாக்டிவிட்டி டேட்டாஷீட்ல இருந்தாலும் நீங்களும் ஒரு தடவ போடுங்க. தயாம்ஃபெனிகால், ஃப்ளோர்ஃபெனிகால் ரெண்டையும் ரொம்ப அதிக செறிவு வரைக்கும் ஏத்திப் பாருங்க. குளோரம்ஃபெனிகாலோட ஐசி50ய மத்ததோட ஐசி50 ஆல வகுத்து நூறால பெருக்கணும். ஃப்ளோர்ஃபெனிகாலுக்கு 0.1% னு வந்தா கேக்க கம்மியா தெரியும், ஆனா அந்தப் பண்ணையில அத சட்டப்படி கொடுத்து இறால்ல கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் இருந்தா உங்க பிளேட் அத 0.2 மைக்ரோகிராம் குளோரம்ஃபெனிகால்னு கத்தும். ஒரு தப்பும் பண்ணாத ஆள் மாட்டுவாரு. எந்த முகத்த பாத்து அந்த ஆன்டிபாடி வளந்துச்சுன்னு கேக்கச் சொல்றது இதுக்காகத்தான்.

சரியா வரலன்னா

எல்லா வெல்லும் அடர் மஞ்சள், மருந்து ஊத்தியும் எறங்கலன்னா கேரியர் புரோட்டீன் ஒண்ணா இருக்கு, இல்ல ஆன்டிபாடி அதிகம். கலரே வரலன்னா செகண்டரி எந்த விலங்குக்குன்னு பாருங்க, அசைடு எங்கயாவது இருக்கான்னு பாருங்க. கர்வ் இருக்கு ஆனா சென்சிடிவிட்டி இல்லன்னா கோட்டிங்கயும் ஆன்டிபாடியையும் பாதியாக்குங்க.

ஆனா ரொம்ப வதைக்கிறது, மருந்தே இல்லாத ப்ளாங்க் சேம்பிளே பாசிட்டிவ் வர்றது. ரிசர்ச் லேப்ல இதுக்கு ஒரு காரணம் கண் முன்னாடியே இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க. பக்கத்து பெஞ்ச்ல பிளாஸ்மிட் குளோனிங் பண்றவங்க பாக்டீரியா வளக்குற பிளேட்ல குளோரம்ஃபெனிகால் போடுவாங்க, ஒரு மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம். நம்ம 0.3 நானோகிராம் கோட்டுக்கு அது எண்பதாயிரம் மடங்குக்கும் மேல. அதே தராசு, அதே பைபெட், அதே ஐஸ் பக்கெட். நாங்க ஒரு மாசம் ப்ளாங்க துரத்தினோம், சால்வென்ட் மாத்தினோம், ட்யூப் மாத்தினோம், கடைசில வெறும் பஃபர தராசு பக்கத்துல துடைச்ச பஞ்சுல ஊற வச்சு ஓட்டினப்போ பிளேட் வெள்ளையா நின்னுச்சு, அதே தராசுல தான் அவங்க மருந்து பவுடர நிறுத்திட்டு இருந்திருக்காங்க. அப்புறம் தனி தராசு, தனி பைபெட் செட், தனி லேப் கோட். கண் வலின்னு சொட்டு மருந்து போட்டவங்கள அன்னிக்கு இறால தொட விடுறதில்ல, கணக்கு தான் மேலயே சொல்லிட்டேனே.

பாசிட்டிவ் வந்தா

எலைசா பாசிட்டிவ் சந்தேகம் மட்டும் தான், தீர்ப்பு கிடையாது. அதே ஹோமோஜினேட்ல (அரைச்ச சதையில) இருந்து புதுசா எக்ஸ்ட்ராக்ட் பண்ணி எல்சி எம்எஸ் எம்எஸ் (மாலிக்யூல்கள பிரிச்சு எடை பாக்குற கருவி) ல உறுதி பண்ணனும், அதுல தான் மாலிக்யூலோட எடையும் உடையிற துண்டுகளும் தெரியும். அதனால 3 கிராம் நிறுக்கிறப்போவே மிச்ச சதைய தேதி, குளம், ட்யூப் நம்பர் எழுதி மைனஸ் 20ல போட்டுடுங்க, பிளேட்ட படிச்ச பிறகு தேடினா குப்பைக்குப் போயிருக்கும்.

ஆன்டிபாடி பாட்டில் கடைசி ரெண்டு ட்யூப்புக்கு வந்ததும் புது லாட் ஆர்டர் பண்ணி, பழசும் புதுசும் ஒரே பிளேட்ல, ஒரே இறால்ல, பக்கத்து பக்கத்து வரிசையில ஓட்டுங்க. ஐசி50 நகந்திருந்தா செக்கர்போர்டுல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும், லேபிள் ஒரே மாதிரி இருக்கேன்னு விட்டுடாதீங்க.